நூன் என்றால் சரியாக எத்தனை மணி? ஆங்கிலம் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

"மத்தியானம் வர்றேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு பன்னிரண்டரைக்குப் போகலாம், இரண்டு மணிக்கும் போகலாம். யாரும் தாமதம் என்று சொல்ல மாட்டார்கள். அதையே 'ஐ வில் கம் அட் நூன்' என்று எழுதி அனுப்பிவிட்டு இரண்டு மணிக்குப் போய் நின்றால், எதிரே இருப்பவர் இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருப்பார். இந்தச் சொல்லில் தமிழர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நம் மத்தியானம் நீளமானது. அவர்களுடைய நூன் ஒரு புள்ளி.

முதல் படி: சொல்லின் அளவைப் பிடியுங்கள்

நூன் என்பது பகல் 12:00 மணி மட்டுமே. 12:20 நூன் அல்ல. 11:50-உம் அல்ல, அதை 'ஜஸ்ட் பிஃபோர் நூன்' என்பார்கள். பன்னிரண்டுக்குப் பிறகு மாலை வரை நீளும் பொழுதுக்கு ஆஃப்டர்நூன் என்று பெயர். 'மதியம்', 'மத்தியானம்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதற்குள்தான் வருகிறது. ஆகவே "மத்தியானம்" என்று நினைவில் வந்தவுடன் நூனை எடுக்காதீர்கள். "பன்னிரண்டு மணி என்று சொல்ல வருகிறேனா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் நூன், இல்லையென்றால் ஆஃப்டர்நூன்.

நூனுக்கு நேரான தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் நண்பகல் என்பதே பொருத்தம். 'நள்' என்றால் நடு. நள் + பகல் நண்பகல், நள் + இரவு நள்ளிரவு. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்தில் அந்த ஒழுங்கு இல்லை. மிட்நைட் என்ற சொல்லில் 'நடு' வெளிப்படையாக இருக்கிறது, நூனில் அது இல்லை. மிட்டே என்று ஒரு சொல் உண்டு. அதில் 'நடு' இருந்தாலும் அது கொஞ்சம் தளர்வானது, பன்னிரண்டை ஒட்டிய நேரம் முழுவதையும் குறிக்கலாம். நூனில் 'நடு' ஏன் இல்லை என்பதற்கான விடை அந்தச் சொல்லின் பிறப்பில் இருக்கிறது.

இரண்டாம் படி: ஒன்பதாம் மணி எப்படிப் பன்னிரண்டானது

நூன் முதலில் பன்னிரண்டு மணியைக் குறிக்கவில்லை. ஏறத்தாழ பிற்பகல் மூன்று மணியைத்தான் குறித்தது.

ரோமானியர் சூரிய உதயத்திலிருந்து மறைவு வரையான பகலைப் பன்னிரண்டு மணிகளாகப் பங்கிட்டார்கள். பகல் நீண்டால் மணியும் நீளும், குறுகினால் மணியும் குறுகும். ரோம் நகரில் கோடை உச்சத்தில் ஒரு 'மணி' இன்றைய கணக்கில் ஏறத்தாழ 75 நிமிடம், குளிர்கால உச்சத்தில் 45 நிமிடம். காலை ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டால் ஆறாம் மணி முடிவது நண்பகலில், ஒன்பதாம் மணி முடிவது பிற்பகல் மூன்றில். ஒன்பதாம் மணிக்கு லத்தீனில் 'நோனா ஹோரா' என்று பெயர். அந்த நோனாதான் பழைய ஆங்கிலத்துக்குள் 'நோன்' ஆக வந்து, பின்பு நூன் ஆனது. ரோமானியரின் பழைய நாள்காட்டி மார்ச்சில் தொடங்கியதால் ஒன்பதாம் மாதமாக இருந்த நவம்பரிலும் இதே ஒன்பது உண்டு. ஆங்கிலத்தின் நைன் என்ற எண்ணும் இதற்குத் தூரத்து உறவு.

கிறித்தவ மடங்கள் இந்த மணிகளை வழிபாட்டு நேரங்களாக எடுத்துக்கொண்டன. நம் கோயில்களில் காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, அர்த்தசாமம் என்று பூசை நேரங்களே பொழுதின் பெயர்களாகப் புழங்குவதைப் போல, அங்கே ஒன்பதாம் மணி வழிபாட்டின் பெயர் பொழுதின் பெயராகவும் ஆனது. 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனித பெனடிக்டின் மடவிதிகளின்படி, நோன்பு நாட்களில் துறவிகள் ஒன்பதாம் மணி வரை உண்ணக் கூடாது. செப்டம்பர் நடுவிலிருந்து தவக்காலம் தொடங்கும் வரை அன்றாடம் அந்தக் கட்டுப்பாடு உண்டு.

காலையிலிருந்து வெறும் வயிற்றோடு மூன்று மணி வரை காத்திருப்பது எளிதல்ல. காலப்போக்கில் வழிபாடும் அதைத் தொடரும் உணவும் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தன என்பதே இந்த மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டுக்குள் இங்கிலாந்தில் நூன் மூன்று மணியை விட்டு இறங்கி பன்னிரண்டில் வந்து நின்றுவிட்டது. பெயரில் ஒன்பது, பொருளில் பன்னிரண்டு. டச்சு மொழியின் 'நூன்' என்ற சொல்லும் இதே வழியில் நகர்ந்ததுதான். ஆறாம் மணியான 'செக்ஸ்டா' வேறு பக்கம் போனது. ஸ்பெயினில் அது உண்ட பின் போடும் குட்டித் தூக்கத்தின் பெயராகி, 'சியெஸ்டா' என்று உலகெங்கும் தெரிகிறது.

உணவோடு இந்தச் சொல்லுக்கு இருக்கும் உறவு மிகப் பழையது. பழைய ஆங்கிலத்திலேயே 'நோன்மெட்டே' என்று ஒரு சொல் உண்டு. ஒன்பதாம் மணி உணவு என்று பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் 'நூன்' என்பதோடு ஊற்றித் தரும் பானத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்து 'நன்ச்சன்' என்று சிற்றுண்டிக்குப் பெயரானது. தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை ஆங்கிலத்தில் 'நூன் மீல் ஸ்கீம்' என்று எழுதுகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தச் சேர்க்கை நம் பள்ளிக்கூடச் சுவரில் இன்றும் இருக்கிறது என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில் 'நூன் ஆஃப் நைட்' என்று வந்தால் குழம்ப வேண்டாம். அங்கே நூன் 'உச்சம்' என்ற பொருளில் நள்ளிரவைக் குறிக்கிறது. இன்று அப்படி யாரும் பேசுவதில்லை.

மூன்றாம் படி: முன்னால் எந்தச் சொல்லைப் போடுவது

நேரத்தைச் சொல்லும்போது தமிழில் '-க்கு', '-க்குள்', 'வரை', 'இருந்து' என்று பின்னால் சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அவை முன்னால் வரும். '-க்கு' எளிது: 'அட் நூன்'. நூன் புள்ளி என்பதால் புள்ளிக்குரிய 'அட்' வருகிறது. 'இன் நூன்', 'ஆன் நூன்' இரண்டும் பிழை. 'தி' சேர்த்து 'அட் தி நூன்' என்பதும் பிழை. ஆஃப்டர்நூன் நீளமான பொழுது, அதற்குள் போகலாம் என்பதால் அங்கே 'இன் தி ஆஃப்டர்நூன்'. கிழமையோ தேதியோ கூட வந்தால் 'இன் தி' போய் 'ஆன்' வந்துவிடும்: 'ஆன் மண்டே ஆஃப்டர்நூன்'.

சிக்கல் '-க்குள்', 'வரை' ஆகிய இரண்டில்தான். 'சப்மிட் தி ஃபார்ம் டில் நூன்' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. "பன்னிரண்டு மணி வரை விண்ணப்பம் கொடுக்கலாம்" என்ற தமிழ் வாக்கியம் மனதில் ஓடுவதால் 'வரை'க்கு 'டில்' என்று கை போய்விடுகிறது. ஆனால் கொடுப்பது ஒரு முறை நடந்து முடியும் செயல், அதற்கு 'பை நூன்' வேண்டும். வாங்கிக்கொள்ளும் அலுவலகத்தின் பக்கமிருந்து எழுதினால் வாங்கும் வேலை தொடர்ந்து நடக்கிறது. ஆகவே 'ஃபார்ம்ஸ் வில் பி அக்செப்டட் டில் நூன்' சரி.

இதற்கு இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டாம், தமிழ் வினையையே கேளுங்கள். நீங்கள் சொல்ல நினைப்பது 'விடு' சேர்ந்து வருகிறதா? "முடித்துவிடுவேன்", "வந்துவிடுவேன்", "அனுப்பிவிடுங்கள்" என்றால் 'பை'. 'கொண்டிரு' சேர்த்தால் பொருந்துகிறதா? "காத்துக்கொண்டிருந்தேன்", "படித்துக்கொண்டிருப்பேன்" என்றால் 'டில்' அல்லது 'அன்டில்'. பன்னிரண்டுக்குள் வந்துவிடுவேன்: 'ஐ வில் பி பேக் பை நூன்'. பன்னிரண்டு வரை காத்திருந்தேன்: 'ஐ வெய்ட்டட் டில் நூன்'. பத்து வாக்கியங்களை இப்படி மாற்றிப் பார்த்தால் இது பழகிவிடும்.

இன்னொரு நுணுக்கம். 'பை நூன்' என்றால் சரியாகப் பன்னிரண்டுக்குக் கொடுத்தாலும் ஏற்பு. 'பிஃபோர் நூன்' என்றால் பன்னிரண்டு அடிக்கும் முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி, கல்லூரிச் சேர்க்கை போன்றவற்றில் இந்த வேறுபாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மத்தியானத்திலிருந்து தலை வலிக்கிறது" என்பதை 'ஃப்ரம் நூன் மை ஹெட் இஸ் பெயினிங்' என்று சொல்கிறோம். தொடங்கிய நேரத்தைச் சொல்லி அது இன்னும் தொடர்கிறது என்றால் 'சின்ஸ்', அதோடு 'ஹாஸ் பீன்': 'மை ஹெட் ஹாஸ் பீன் ஏக்கிங் சின்ஸ் நூன்'. இனி நடக்கப்போவதற்கு 'ஃப்ரம்' சரி: 'தி ஷாப் வில் பி க்ளோஸ்ட் ஃப்ரம் நூன்'. சுமார் பன்னிரண்டு வாக்கில் என்பதற்கு 'அரவுண்ட் நூன்'.

நான்காம் படி: வணக்கம் சொல்வது

'குட் நூன்' என்று ஒரு வணக்கம் ஆங்கிலத்தில் வழக்கில் இல்லை. பன்னிரண்டு மணி அடிக்கும் வரை 'குட் மார்னிங்', அதன் பின் 'குட் ஆஃப்டர்நூன்'. 12:05க்கு ஒருவரைச் சந்தித்தாலும் 'குட் ஆஃப்டர்நூன்' தான், சாப்பிட்டாயிற்றா இல்லையா என்பது கணக்கில்லை. ஐந்து மணியையொட்டி 'குட் ஈவ்னிங்' தொடங்கும். நமக்கு நான்கு மணிக்கே சாயங்காலம் வந்துவிடுவதால் 'ஃபோர் இன் தி ஈவ்னிங்' என்று வாயில் வரும், அது ஆஃப்டர்நூன். 'குட் நைட்' விடைபெறும்போது மட்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒருவரைப் பார்த்ததும் சொல்ல வேண்டியது 'குட் ஈவ்னிங்'.

"இன்னைக்கு மத்தியானம்" என்பது 'திஸ் ஆஃப்டர்நூன்', 'டுடே ஆஃப்டர்நூன்' அல்ல. நேற்றும் நாளையும் தொல்லை இல்லை: 'யெஸ்டர்டே ஆஃப்டர்நூன்', 'டுமாரோ ஆஃப்டர்நூன்' இரண்டும் சரி. நேற்று இரவு மட்டும் 'லாஸ்ட் நைட்' ஆகும்.

ஐந்தாம் படி: பன்னிரண்டுக்கு ஏ.எம்.மா, பி.எம்.மா?

இதில்தான் வண்டி தவறுகிறது, கூட்டம் தவறுகிறது, அலாரம் அடிக்காமல் போகிறது.

ஏ.எம். என்பது லத்தீனில் 'அன்ட்டே மெரிடியெம்', நண்பகலுக்கு முன். பி.எம். என்பது 'போஸ்ட் மெரிடியெம்', நண்பகலுக்குப் பின். முற்பகல், பிற்பகல் என்ற தமிழ்ச் சொற்கள் அவற்றுக்கு அப்படியே நிகர். நண்பகல் தனக்கு முன்னும் இருக்க முடியாது, பின்னும் இருக்க முடியாது. எனவே கண்டிப்பாகப் பார்த்தால் பகல் பன்னிரண்டு இரண்டிலும் சேராது. கடிகாரத்துக்கோ ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். பன்னிரண்டு தாண்டிய மறு விநாடியே நண்பகலுக்குப் பின் என்பதால், அந்த மணி முழுவதற்கும் பி.எம். என்று வைத்துக்கொண்டார்கள். ஆக, கைபேசியிலும் கணினியிலும் பகல் பன்னிரண்டு 12:00 பி.எம்., நள்ளிரவு 12:00 ஏ.எம்.

பதினொன்று ஏ.எம்.முக்குப் பிறகு பன்னிரண்டு ஏ.எம். தானே வர வேண்டும் என்று மனம் சொல்லும். அதை நம்பி வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு 12 ஏ.எம். என்று அழைப்பு அனுப்பினால், அது வியாழன் இரவு முடிந்து வெள்ளி பிறக்கும் நேரத்தில் போய் உட்காரும். நேரத்தை அளவிடும் அமெரிக்க, பிரிட்டிஷ் தேசிய நிறுவனங்களே 12 ஏ.எம்., 12 பி.எம். இரண்டையும் தவிர்க்கச் சொல்கின்றன. அதையே கடைப்பிடியுங்கள். எழுதும்போது '12 நூன்', '12 மிட்நைட்' என்று எழுதுங்கள். '12 பி.எம். நூன்' என்று இரண்டையும் சேர்க்கத் தேவையில்லை.

மிட்நைட்டில் கூடுதலாக ஒரு பொறி உண்டு. "14ஆம் தேதி மிட்நைட்" என்றால் 14 தொடங்கும் நேரமா, முடியும் நேரமா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இந்தியா விடுதலை பெற்றது எந்த நள்ளிரவில் என்று சொல்ல '1947 ஆகஸ்ட் 14-15 இடைப்பட்ட இரவு' என்று எழுதுவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். கடைசித் தேதி குறிப்பதானால் 14ஆம் தேதி இரவு 11:59 என்று எழுதிவிட்டால் யாருக்கும் ஐயம் வராது.

ரயில்வே 24 மணிக் கணக்கில் போகிறது. அங்கே நூன் 12:00, நள்ளிரவு 00:00. பயணச்சீட்டில் '15ஆம் தேதி, 00:10' என்று இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி இரவு. 15ஆம் தேதி இரவு நிலையத்துக்குப் போனால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். முன்பதிவு செய்யும்போது நேரம் 00 என்று தொடங்கினால், முந்தைய நாளின் கிழமையைச் சீட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: எஃப்.என்., ஏ.என்.

தேர்வு அட்டவணையிலும் அரசு ஆணைகளிலும் வரும் எஃப்.என். என்பது ஃபோர்நூன், அதாவது முற்பகல். ஏ.என். ஆஃப்டர்நூன். அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர் ஃபோர்நூன் என்ற சொல்லை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டார்கள். கப்பல்களில் காலை 8 முதல் 12 வரையான காவல் முறைக்கு 'ஃபோர்நூன் வாட்ச்' என்று பெயர் இருக்கிறது. நம் அலுவலகங்களிலும் அது உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டவருக்கு எழுதும் மின்னஞ்சலில் எஃப்.என். என்று போட்டால் பெரும்பாலும் புரியாது. 'இன் தி மார்னிங்' என்றே எழுதுங்கள்.

தேர்வு அட்டவணையில் எஃப்.என். என்பது காலை அமர்வின் பெயர் மட்டுமே. பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிந்தாலும் அது எஃப்.என். தான். அரசுப் பணியில் அப்படியல்ல, நண்பகல் அங்கே உண்மையான எல்லைக்கோடு. முற்பகலில் பணியேற்றால் அன்றிலிருந்தும், பிற்பகலில் ஏற்றால் மறுநாளிலிருந்தும் சம்பளம் கணக்காகும். புதிதாக வேலையில் சேர்பவர்கள் சேர்க்கை அறிக்கையில் தேதியோடு எஃப்.என். என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஓய்வு பெறும் ஆணையில் மாதத்தின் கடைசி நாள் 'ஏ.என்.' என்று இருப்பதும் இதனால்தான். அந்த நாள் முழுவதும் அவர் பணியில் இருந்ததாகக் கணக்கு.

ஏழாம் படி: சூரியனின் நூன்

வானியல் பாடத்தில் 'சோலார் நூன்' என்று வரும். சூரியன் அன்றைய பாதையில் மிக உயரத்தில் இருக்கும் கணம் அது. கடிகாரத்தின் பன்னிரண்டோடு அது பொருந்துவது அரிது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு பாகை மேற்கே போனால் 4 நிமிடம் தாமதம். சென்னை ஏறத்தாழ 80.3 பாகையில் இருப்பதால் சராசரியாக 12:09க்கும், கோயம்புத்தூர் 77 பாகையில் இருப்பதால் 12:22க்கும் உச்சி வரும். பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து இதை ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11:53 வாக்கிலும் பிப்ரவரி நடுவில் 12:23 வாக்கிலும் உச்சி. கோயம்புத்தூரில் எந்த நாளிலும் கடிகாரப் பன்னிரண்டுக்கு முன் உச்சி வருவதில்லை.

உங்கள் ஊருக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நடுங்கள். காலை பத்தரை மணியளவில் நிழலின் நுனியைக் குறித்து, குச்சியின் அடியை மையமாக வைத்து அந்த நுனி வழியே கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள், நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நிழல் சுருங்கி உள்ளே போய், பிற்பகலில் மறுபடி நீண்டு வட்டத்தைத் தொடும். அந்த நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் ஊரின் நூன்: 10:40, 1:50 என்றால் 12:15. மிகக் குட்டையான நிழலை நேரடியாகக் குறிக்க முயன்றால் பிழை வரும், ஏனென்றால் உச்சியையொட்டிச் சில நிமிடங்களுக்கு நிழலின் நீளம் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. குச்சி சாய்ந்திருந்தாலும் தரை சரிந்திருந்தாலும் கணக்கு பல நிமிடம் விலகும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் இந்தச் சோதனையைச் செய்தால், நூன் நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது.